காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்: ஜிபிஎஸ் இருந்தும் வருகை நேரம் தெரியாதது ஏன்? மனுவில் என்ன கேட்பது?

பாலாற்றுப்பாலம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் டவுன் பஸ்களுக்கு நிறுத்தத்தில் வருகை நேரம் தெரிகிற ஏற்பாடு வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறது. முதலில் கேட்பது காட்பாடி ஜங்ஷன் – பாகாயம் தடத்துக்கு. ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் வண்டிகளைத்தான் ரயிலில் வந்து இறங்குபவர்களும், விஐடி பிள்ளைகளும், சிஎம்சிக்குப் போகிற நோயாளிகளும், தொரப்பாடி, பாகாயம் மக்களும் நம்பியிருக்கிறார்கள். அடுத்தது அணைக்கட்டு, ஊசூர், கணியம்பாடி, ஸ்ரீபுரம் பக்கம் போகிற வண்டிகள். நடை (ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு ஓட்டம்) குறைவாக உள்ள தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் வேலை போய்விடும். அங்கே நேரம் தெரிவது இன்னும் முக்கியம்.

"ஜிபிஎஸ் பொருத்த வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், "பொருத்தப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்து கோப்பு மூடப்படும். அதனால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். வண்டியில் கருவி இருந்தும் வருகை நேரம் ஏன் கிடைப்பதில்லை? பழைய ஜிபிஎஸ் பெட்டியை மாற்றியே ஆக வேண்டுமா? செயலி முதலில் வேண்டுமா, நிறுத்தத்தில் பலகையா? அதே தடத்தில் ஓடுகிற தனியார் வண்டிகளை என்ன செய்வது? மனுவில் எழுதக்கூடிய அளவுக்குத் துல்லியமாகச் சொன்னால் பெரிய உதவி.

---

நடைக்கணக்கு

வணக்கம் சார். உங்கள் முதல் கேள்விதான் ஆணிவேர். பெரும்பாலான ஊர்களில் இந்தத் திட்டம் படுத்துக்கொள்வது அங்கேதான்.

பெட்டிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இந்த எண்ணுள்ள கருவி இந்த நொடியில் இந்த இடத்தில் இருக்கிறது. அது ஒன்றாம் நம்பரா இரண்டாம் நம்பரா, காட்பாடி நோக்கிப் போகிறதா டிப்போவுக்குத் திரும்புகிறதா, பிரேக்டவுன் ஆன வண்டிக்குப் பதிலாக வந்த ஸ்பேர் வண்டியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு வேண்டியது வண்டி இருக்கும் இடம் அல்ல, நடை. "5.40-க்குக் காட்பாடியில் கிளம்பிய நடை விருதம்பட்டு தாண்டிவிட்டது" என்று சொல்ல வேண்டுமானால், இன்றைக்கு அந்த நடையை எந்த வண்டி ஓட்டுகிறது என்பது கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகவல் டிப்போவின் டியூட்டித் தாளில் இருக்கிறது, ஜிபிஎஸ் சர்வரில் இல்லை. வண்டியும் நடையும் தினமும் ஒன்றோடொன்று சேராதவரை வரைபடத்தில் புள்ளிகள் மட்டும் நகரும், நேரம் வராது.

சேர்ப்பதற்கு எளிய வழி நடத்துநர் கையில் இருக்கிற டிக்கெட் மெஷின். டியூட்டி எடுக்கும்போது அதில் ஷெட்யூல் எண் (அன்றைக்கு ஓட்ட வேண்டிய நடைகளின் தொகுப்புக்கான எண்) ஏற்றப்படுகிறது. அதோடு வண்டி எண்ணையும் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. எண்ணைத் தட்டச் சொன்னால் தப்பு வரும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். நடுவழியில் வண்டி மாறினால் மாற்று வண்டியில் ஏறியதும் மறுபடி ஒரு ஸ்கேன். இந்த இரண்டாவது ஸ்கேனைத்தான் மறப்பார்கள். மறந்தால் டிப்போ ஷெட்டில் நிற்கிற பழுதான வண்டியையே பயணி திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் நடை தொடங்கியதாக மெஷின் சொல்லியும் வண்டி 10 நிமிடம் நகரவில்லை என்றால், அந்த நடையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு டிப்போவுக்கு எச்சரிக்கை போகிற மாதிரி அமைக்க வேண்டும்.

ஒவ்வொரு முனையிலும் நடை மாற்றும் பொத்தானை நடத்துநர் எப்படியும் அழுத்துகிறார். திசை மாறினால் ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) வரிசை தலைகீழாகும், மாற்றாவிட்டால் கட்டணமே தப்பாக வரும். எனவே அவருக்கு இதில் புதிய சுமை கிடையாது. ஆனால் கிளம்புவதற்குக் கால் மணி முன்பே அழுத்துவதும் உண்டு, கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டி அழுத்துவதும் உண்டு. ஆகவே பொத்தானை நடையின் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, கிளம்பிய நேரத்தை வண்டி முனைய எல்லையைத் தாண்டிய நொடியிலிருந்து எடுக்க வேண்டும்.

மெஷின் தகவல் இல்லாமல், போகிற போக்கைப் பார்த்து மென்பொருளே கண்டுபிடிக்கும் என்று சில நிறுவனங்கள் சொல்லும். நம்பாதீர்கள். பழைய பேருந்து நிலையத்துக்கும் புதிய பேருந்து நிலையத்துக்கும் நடுவே பல தடங்கள் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. தடம் பிரிந்த பிறகுதான் எது எந்த நம்பர் என்று மென்பொருளுக்குத் தெரியும், அதற்குள் பாதிப் பயணிகள் இறங்கியிருப்பார்கள். அதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக அல்ல.

இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றாலும் டிக்கெட் கொடுக்கப்படுகிறது. எந்த ஸ்டேஜில் எந்த மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு மெஷினில் இருக்கிறது. புதிய நடை எங்கே விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மாதம் ஒருமுறை அந்தக் கணக்கைத் தடவாரியாக வெளியிடச் சொல்லி மனுவில் சேருங்கள்.

---

இருபத்துநாலு வோல்ட்

பெட்டி மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. எல்லா வண்டிக்கும் தேவைப்படாது. முதல்ல எது எதுன்னு பிரிக்கணும்.

2019 ஜனவரி 1-க்குப் பிறகு பதிவான பொதுப் பயணிகள் வண்டிக்கு மத்திய மோட்டார் வாகன விதி 125ஹெச் படி ஏஐஎஸ் 140 தரத்தில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் வேணும். அந்தத் தரத்துல உள்ளே நாலு மணி நேரம் தாங்குற பேட்டரி, சிக்னல் இல்லாதப்போ 40,000 பதிவு சேமிக்கிற நினைவகம், குறைஞ்சது ரெண்டு சர்வருக்கு அனுப்புற வசதி எல்லாம் உண்டு. அதனால வருகை நேரத்துக்குன்னு தனியா இன்னொரு பெட்டி வாங்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. இருக்குற பெட்டியில இன்னொரு சர்வர் முகவரியை ஏத்தினாலே போதும். 2ஜி மட்டும் பேசுற பழைய பெட்டிகளைத்தான் 4ஜிக்கு மாத்தணும்.

கோளாறு வர்ற இடங்களைச் சொல்றேன். பெட்டி "செத்துப் போச்சு"ன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது சிம் சந்தா. பெட்டியோட சேர்த்துக் கொடுக்குற சந்தா முடிஞ்சதும் யாரும் புதுப்பிக்க மாட்டாங்க, பெட்டி நல்லாத்தான் இருக்கும். அடுத்து இணைப்பு. பஸ் 24 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையில கோத்திருக்கும். சிலர் சுலபம்னு ஒரு பேட்டரியில இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துடுவாங்க. அந்த ஒண்ணு மட்டும் இறங்கிக்கிட்டே வரும், மத்தது ஓவர்சார்ஜ் ஆகும், கடைசியில ரெண்டும் போகும். பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோற சிவப்பு வயரை முழு 24 வோல்ட்டில்தான் கொடுக்கணும். இன்ஜின் ஓடும்போது மீட்டர்ல சுமார் 27–28 வோல்ட் வரணும். பெட்டி 32 வோல்ட் வரைக்கும் தாங்கக்கூடியதான்னு உறையில பார்த்துக்குங்க.

ஐசோலேட்டர் ஸ்விட்ச் (பேட்டரியை வண்டியோட மத்த வயரிங்ல இருந்து துண்டிக்குறது) விஷயம் ரொம்ப முக்கியம். ராத்திரி டிப்போல ஐசோலேட்டரை அணைச்சுடுவாங்க. சிவப்பு வயரை ஐசோலேட்டருக்குப் பிறகு எடுத்திருந்தா தினமும் ராத்திரி உள் பேட்டரி முழுசா இறங்கிடும். அப்படியே தொடர்ந்தா சீக்கிரமே அது உபயோகத்துக்கு ஆகாது. காலையில முதல் நடைக்கு எடுக்கும்போது பெட்டி அடியிலிருந்து விழிச்சு செயற்கைக்கோளைத் தேடணும், அதுக்குள்ள வண்டி ரெண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். அதனால ஐசோலேட்டருக்கு முன்னாடியே எடுத்து, பேட்டரி முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 3 ஆம்பியர் ஃபியூஸ் போடணும். ஃபியூஸ் தள்ளிப் போட்டா, நடுவுல வயர் உரசினா நெருப்பு. தூங்குற நிலையில பெட்டி 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிகூட ஆகாது. பஸ் பேட்டரிக்கு அது ஒண்ணுமே இல்லை.

இக்னிஷன் வயரை நிறைய பேர் சிவப்போடவே சேர்த்து முறுக்கி விட்டுடுவாங்க. அப்ப வண்டி எப்பவும் ஓடுறதா பெட்டி நினைச்சுக்கும், டிப்போல நிக்குற வண்டியும் ராத்திரி முழுக்கப் பதிவு அனுப்பிக்கிட்டே இருக்கும். சாவி போட்டா மட்டும் மின்சாரம் வர்ற வயரைத் தேடி எடுக்கணும். முறுக்கி டேப் சுத்துறது கூடாது, கிரிம்ப் பண்ணணும், அதாவது உலோக முனையில வச்சு கருவியால அழுத்தி இறுக்கணும். பஸ்ல வர்ற அதிர்வுக்கு டேப் நிக்காது.

வைக்குற இடம்: டாஷ்போர்டு ஃபைபருக்குக் கீழே, முன் கண்ணாடிக்குப் பக்கத்துல, ஆன்டெனா முகம் வானம் பார்த்து. மேலே தகடு இருக்கக் கூடாது. எல்இடி ரூட் போர்டோட பவர் சப்ளைக்குப் பக்கத்துலயும் வேண்டாம், அதோட இரைச்சல்ல சிக்னல் கெடும். வண்டி கழுவுற குழாய்த் தண்ணி கனெக்டர்ல இறங்காதபடி வயர் கீழே ஒரு வளைவு போட்டு மேலே ஏறணும்.

அவசரப் பொத்தான் சாதாரணமா மூடியே இருக்குற வகை. எங்கேயாவது வயர் அறுந்தாலும் பொத்தான் அழுத்தின மாதிரியே சர்வருக்குப் போகலாம். ஒரே வண்டியில இருந்து திரும்பத் திரும்பப் பொய் அவசரம் வந்தா பொத்தானை மாத்தாதீங்க, சீட்டுக்கு அடியில போற வயரைப் பாருங்க. பொய் அழைப்பு அதிகமானா கட்டுப்பாட்டு அறையில யாரும் கவனிக்க மாட்டாங்க. உண்மையிலேயே ஒரு பொண்ணு அழுத்துற அன்னைக்கு அது உயிர் போற விஷயம்.

பெட்டியை ஒரு வண்டியில இருந்து கழற்றி இன்னொண்ணுல மாட்டினா உள்ளே பதிஞ்சிருக்குற வண்டிப் பதிவெண்ணையும் மாத்தி எழுதணும். அனுப்புற தகவல்ல அந்த எண்தான் போகும். மாத்தலைன்னா குடியாத்தம் வண்டி ஆற்காட்டுல ஓடுறதாக் காட்டும்.

---

பாலாற்றுப்பாலம்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஐசோலேட்டர் விஷயம் எங்களுக்குத் தோன்றியிருக்கவே செய்யாது. எத்தனை நொடிக்கு ஒருமுறை இடம் அனுப்ப வேண்டும் என்று மனுவில் எழுதலாமா? அதிகம் கேட்டால் டேட்டா செலவு என்று மறுப்பார்களா?

---

வடாற்காடு பைட்

எழுதலாம் அண்ணா, எழுதியே ஆகணும். வண்டி ஓடும்போது 10 நொடி, முடிந்தால் 5 நொடி.

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 10 மீட்டர் நகரும். 60 நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் 600 மீட்டர் தாண்டித் தாண்டித்தான் தெரியும், நடுவில் இரண்டு நிறுத்தம் காணாமல் போகும். 10 நொடி என்றால் 100 மீட்டர். நிறுத்தத்தைச் சுற்றி 50 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டிருந்தால் நிற்காமல் போகிற வண்டியும் எப்படியோ அகப்படும்.

டேட்டா செலவு கணக்கு இதோ. ஒரு தகவல் பொட்டலம் (ஒருமுறை அனுப்புவது) தலைப்பு எல்லாம் சேர்த்து சுமார் 380 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நொடிக்கு ஒன்று, நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 5,760 பொட்டலம், ஏறத்தாழ 2.2 எம்பி. மாதத்துக்கு 66 எம்பி, இரண்டு சர்வருக்கும் அனுப்பினால் 132 எம்பி. இந்தக் காலத்தில் இது ஒரு காரணமே அல்ல.

உண்மையான சிக்கல் சர்வர் பக்கம் வரும். சிக்னல் இல்லாத இடத்தில் பெட்டி பதிவுகளைச் சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் கொட்டும். 10 நொடிக் கணக்கில் 40,000 பதிவு என்றால் நாலரை நாளுக்கு மேல் தாங்கும். ஜவ்வாது மலைப் பக்கம் போய்வருகிற வண்டிக்கு இது பெரிய வசதி. ஆனால் அப்படிக் கொட்டும் பழைய பதிவுகளுக்கும் நேரடிப் பதிவுகளுக்கும் பொட்டலத்திலேயே அடையாள எழுத்து வேறு. அதைப் பார்க்காமல் வந்ததை எல்லாம் நேரடியாக வரைபடத்தில் போடுகிற சர்வரில் வண்டி முன்னும் பின்னும் குதிக்கும். "ஆப்பில் பஸ் பின்னாடி போகுது" என்று பயணிகள் சொன்னால் இதுதான் காரணமாக இருக்கும். பழையதை அறிக்கைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, திரைக்கு நேரடியை மட்டும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். பெட்டி அனுப்புவது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி குறைவு. மணியை மாற்றுகிறவர்கள் சில இடங்களில் தேதியை மாற்ற மறந்துவிடுவார்கள். காலை 5 மணிக்குக் கிளம்பிய முதல் நடை உலகப் பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 11.30, மணியை மட்டும் மாற்றினால் அது முந்தைய நாள் காலை 5 மணியில் போய் விழும். அறிக்கையில் "முதல் நடை ஓடவில்லை" என்று வந்து, ஓட்டிய ஓட்டுநருக்கு மெமோ போகும். 5.30-க்குள் கிளம்பும் நடைகளைத் தனியாகச் சோதித்துவிட்டுத்தான் மென்பொருளை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வருகை நேரத்தைக் கணக்கிடும் முறை. மீதி தூரத்தை இப்போதைய வேகத்தால் வகுத்தால் கதை முடிந்தது. கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நிற்கிற வண்டியின் வேகம் பூஜ்யம், வருகை நேரம் முடிவிலி. சரியான முறை என்னவென்றால், தடத்தை 300–500 மீட்டர் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கடக்க, கடந்த அரை மணியில் போன கடைசி மூன்று வண்டிகள் எடுத்த நேரத்தில் நடுவிலானதை எடுக்க வேண்டும். அப்படி வண்டி போகாத நேரத்துக்குப் போன நாலு வாரத்தின் அதே கிழமை, அதே கால் மணி நேரத்துக்கான கணக்கு. கூட்டினால் வருகை நேரம். தனியார் வண்டிகளும் இதே சாலையில் ஓடுவதால் அவற்றின் பதிவும் சேர்ந்தால் கணிப்பு இன்னும் கெட்டியாகும்.

கிரீன் சர்க்கிள் பக்கம் இன்னொரு தொல்லை. நெடுஞ்சாலை, சர்வீஸ் ரோடு, ஊர்ச் சாலை மூன்றும் ஒட்டியே ஓடுகின்றன. 10–15 மீட்டர் பிழையிலேயே டவுன் பஸ் பெங்களூர் சாலைக்கு ஏறிவிட்ட மாதிரி காட்டும். பக்கத்துச் சாலைக்குப் போகவிடாமல், எந்த நடையோ அந்த நடையின் தடக் கோட்டிலேயே புள்ளியை ஒட்ட வேண்டும். அதற்கும் மேலே நடைக்கணக்கு சொன்ன இணைப்பு முதலில் சரியாக இருக்க வேண்டும். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

---

கல்தூண் நிறுத்தம்

செயலியா பலகையா என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் நிறுத்தப் பட்டியல். அது இல்லாமல் இரண்டுமே நிற்காது.

எதிரெதிரே இருக்கிற நிறுத்தம் பேச்சில் ஒன்று, தரவில் இரண்டு. பாகாயம் நோக்கிய நிறுத்தத்துக்கு ஒரு எண், காட்பாடி நோக்கியதற்கு வேறு எண். பெயர்ப்பலகை இருக்கிற இடத்தை அல்ல, வண்டி உண்மையில் நிற்கிற இடத்தைக் குறிக்க வேண்டும். பல இடங்களில் ஆட்டோ நிற்பதால் பஸ் 40 மீட்டர் தள்ளித்தான் நிற்கும். ஆயத்தொலை எண்ணில் ஐந்து தசம இடம் போதும், அது ஏறத்தாழ ஒரு மீட்டர். வேலூருக்கு அட்சரேகை 12.9, தீர்க்கரேகை 79.1 என்று தொடங்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் நிறுத்தம் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவில் போய் விழும். இந்தப் பிழை பல ஊர்ப் பட்டியலிலும் வருவதுதான், கோப்பை ஒருமுறை வரைபடத்தில் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

2022-இல் திறந்த புதிய பேருந்து நிலையம் மாதிரி இடங்களுக்கு வட்டம் போடக் கூடாது. கூரைக்குக் கீழே நிற்கிற வண்டியின் புள்ளி தள்ளித் தள்ளிக் காட்டும், எல்லைக்குள் வந்துவிட்டது போய்விட்டது என்று மாறி மாறிப் பதிவாகும். நிலையத்தின் சுற்றெல்லையைப் பல கோணமாக வரைந்து, நுழையும் வாசலுக்கும் வெளியேறும் வாசலுக்கும் தனித்தனியாக ஒரு கோடு போட வேண்டும். வெளியேறும் கோட்டைத் தாண்டினால்தான் கிளம்பியதாகக் கணக்கு.

பட்டியலை ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் கேளுங்கள். உலகத்து வரைபடச் செயலிகள் பலவும் படிக்கிற பொது வடிவம் அது. நிறுத்தம், தடம், நடை, நிறுத்த நேரம், ஓடும் நாட்கள் என்று சில உரைக் கோப்புகள்தான். நள்ளிரவு தாண்டிய நடையை 24:15 என்று தொடர்ந்து எழுத வேண்டும், 00:15 என்று எழுதினால் பயணம் பின்னோக்கிப் போகும். மொழிபெயர்ப்புக்குத் தனிக் கோப்பு உண்டு. வேலூருக்கு அது அலங்காரம் இல்லை. சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நிறுத்தப் பெயர் தமிழ், ஆங்கிலம், இந்தி, வங்காளம் நான்கிலும் இருந்தால், உடம்புக்கு முடியாமல் வந்த ஒருவர் யாரையும் கெஞ்சாமல் சரியான வண்டியில் ஏறுவார். டெல்லியில் 2018-இலேயே அரசும் அங்குள்ள ஐஐஐடியும் சேர்ந்து பஸ் தரவைப் பொதுவில் திறந்துவிட்டன. முன்னுதாரணம் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

பலகையைப் பற்றி. எல்லா நிறுத்தத்துக்கும் கேட்டால் எதுவும் கிடைக்காது. காட்பாடி ஜங்ஷன் வாசல், புதிய நிலையம், பழைய நிலையம், சிஎம்சி, பாகாயம் ஐந்துக்கு மட்டும் முதலில் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிற பி10 எல்இடி தட்டு ஒன்று 32-க்கு 16 புள்ளி, 32 செ.மீ.-க்கு 16 செ.மீ. ஆங்கிலத்துக்கு 16 புள்ளி உயரம் போதும். தமிழுக்குப் போதாது, எழுத்தின் மேலும் கீழும் வருகிற குறிகள் வெட்டுப்படும், "கி"யும் "கீ"யும் ஒன்றாகத் தெரியும். ஒரு தமிழ் வரிக்கு 32 புள்ளி உயரம், அதாவது இரண்டு அடுக்கு வேண்டும். நான்கு தட்டு அகலம், இரண்டு அடுக்கு, ஆக எட்டுத் தட்டு. முழு வெளிச்சத்தில் தட்டுக்கு 20 வாட் வைத்தால் 160 வாட், 5 வோல்ட் 40 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று போதும். இந்த ஊர் வெயிலில் பெட்டிக்குக் காற்றோட்டம் இல்லாவிட்டால் முதலில் சாவது அந்தப் பவர் சப்ளைதான். மேலே நிழல் தகடு, அடியில் வலை போட்ட துளை இரண்டும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். தகவல் இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசானால் பலகை பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அட்டவணை நேரத்துக்கு மாறி அதன் பக்கத்தில் ஒரு அடையாளம் காட்ட வேண்டும். பொய் நேரம் காட்டுகிற பலகையை மக்கள் ஒரு வாரத்தில் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

மற்ற நிறுத்தங்களுக்கு ஒரு க்யூஆர் தாள் போதும். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி அல்லது குரல் பதில் வசதி கேளுங்கள், நிறுத்த எண்ணைத் தட்டினால் அடுத்த இரண்டு வண்டியைச் சொல்லும்படி.

---

நடைக்கணக்கு

தனியார் வண்டிகள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஒரே தடத்தில் அரசு, தனியார் இரண்டு தரப்பும் ஓடினால் டைமிங் சண்டை வரும். முன்னால் போகிற வண்டியை முந்தவோ, பின்னால் வருகிறதை மறிக்கவோ பார்ப்பார்கள். விளைவு இரண்டு வண்டி ஒட்டி வந்துவிட்டுப் பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராது. மணிக்கு ஆறு வண்டி, சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். அதே ஆறு வண்டி இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் காத்திருப்பு 10 நிமிடம். டீசல் அதே, ஆள் அதே, சேவை பாதி. புதிய வண்டி ஒன்றுகூட வாங்காமல் காத்திருப்பைப் பாதியாக்க முடியும் என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்கிறது. மனுவில் இதை முதல் பத்தியில் வையுங்கள்.

சரிசெய்ய, இரு தரப்பு வண்டியின் இருப்பிடமும் ஒரே திரையில் டைம் கீப்பருக்கு (நிலையத்தில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைப் பார்ப்பவர்) தெரிய வேண்டும். முன் வண்டிக்கும் இதற்கும் இடைவெளி திட்டமிட்டதில் 60 சதவீதத்துக்கும் கீழே போனால் புதிய நிலையத்தில் இரண்டு நிமிடம் வரை நிறுத்திவைத்து அனுப்பலாம். அதற்கு மேல் நிறுத்தினால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அநியாயம். நடுவழி நிறுத்தத்தில் நிறுத்திவைக்கக் கூடாது, பின்னால் சாலை அடைக்கும். காட்பாடியில் ரயில் வந்து இறங்குகிற கூட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைக்கலாம்.

ஓட்டுநரை விரட்டி இதைச் சாதிக்க முடியாது என்பதையும் எழுதுங்கள். போக 55 நிமிடம், வர 55, இரு முனையிலும் 5 நிமிட ஓய்வு என்றால் ஒரு சுற்று 120 நிமிடம். பத்து நிமிட இடைவெளிக்கு 12 வண்டி. நெரிசலால் ஒவ்வொரு பக்கமும் 5 நிமிடம் கூடினால் சுற்று 130 நிமிடம், 13 வண்டி வேண்டும். அந்த ஒரு வண்டியைக் கொடுக்காமல் பழைய அட்டவணையையே வைத்திருந்தால் ஓய்வு நேரம் காணாமல் போகும், கடைசி நடை கட் ஆகும், ஓட்டுநர் சிறுநீர் கழிக்கக்கூட இறங்க முடியாது. ஜிபிஎஸ் பதிவிலிருந்து உண்மையான ஓட்ட நேரத்தை எடுத்து, நூறு நடையில் எண்பத்தைந்து நடை எந்த நேரத்துக்குள் முடிகிறதோ அதை அட்டவணையில் போட வேண்டும். கருவியால் கிடைக்கிற முதல் பலன் இதுதான், செயலி அதற்குப் பிறகு.

---

பாலாற்றுப்பாலம்

வரைவு எழுதிவிட்டேன். கோரிக்கைப் பகுதி மட்டும் போடுகிறேன், திருத்துங்கள்:

"டியூட்டி தொடங்கும்போதும் வண்டி மாறும்போதும் வண்டி எண், ஷெட்யூல் எண் இரண்டும் டிக்கெட் மெஷின் வழி இணைக்கப்பட வேண்டும். ஓட்டத்தில் உள்ள வண்டிகள் 10 நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்ப வேண்டும். நிறுத்தம், தடம், அட்டவணைத் தரவு ஜிடிஎஃப்எஸ் வடிவில் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். ஐந்து இடங்களில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வருகைப் பலகை வைக்கப்பட வேண்டும். அதே தடத்தின் தனியார் பேருந்துகளின் இருப்பிடமும் இணைக்கப்பட வேண்டும். உண்மை ஓட்ட நேரத்தின்படி அட்டவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும்."

---

வடாற்காடு பைட்

நன்றாக இருக்கிறது அண்ணா. மூன்று சேர்க்கை.

அளவுகோல் இல்லாவிட்டால் "செய்தோம்" என்று சொல்லிவிடலாம். ஓட வேண்டிய வண்டிகளில் நூற்றுக்கு 95 நேரடியாகத் தெரிய வேண்டும், நடைகளில் நூற்றுக்கு 90 வண்டியோடு இணைந்திருக்க வேண்டும், 10 நிமிடத்துக்குள் வரும் என்று காட்டியவற்றில் பெரும்பாலானவை 2 நிமிட முன்பின்னுக்குள் வர வேண்டும் என்று எழுதுங்கள். மாதாமாதம் இந்த மூன்று எண்ணையும் புதிய நிலையத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, தரவு யாருடையது என்பது. பெட்டியின் சர்வர் முகவரியை மாற்றும் கடவுச்சொல் ஒப்பந்த நிறுவனத்திடம் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாப் பெட்டியும் வெறும் டப்பா. கடவுச்சொல், சிம் உரிமை, பழைய பதிவுகள் மூன்றும் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

கடைசியாக, இந்தப் பதிவை ஓட்டுநர், நடத்துநர் மீது தண்டனைக்கு மட்டும் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதுங்கள். தண்டனைக்கு என்று தெரிந்த அன்றே பெட்டியின் வயர் அறுபட ஆரம்பிக்கும்.

---

இருபத்துநாலு வோல்ட்

இன்னும் ஒண்ணு சேருங்க சார். விடியற்காலை முதல் வண்டி வெளியே போறதுக்கு முன்னாடி, சாவி போட்டும் பேசாத பெட்டிகளோட பட்டியல் டிப்போ எலக்ட்ரீஷியன் கையில அச்சடிச்சு இருக்கணும். அவருக்கு ஒரு மீட்டரும், கிரிம்ப் கருவியும், 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு டப்பாவும், மாற்றுப் பெட்டி நூத்துக்கு ஐஞ்சு கணக்குல கையிருப்பும் வேணும். ஸ்பேர் இல்லாத டிப்போல பழுதான பெட்டி கம்பெனிக்குப் போய்த் திரும்ப வர்ற வரைக்கும் அந்த வண்டி இருட்டுலதான் ஓடும்.